ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், உடற்கல்வி படிக்கலாமா? டெல்டா பசங்களும் பெத்தவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

+2 ரிசல்ட் வந்த வாரத்துலேருந்து அட்மிஷன் முடியற வரைக்கும் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை, நாகப்பட்டினம்னு எல்லாப் பக்கத்துலேருந்தும் வர்ற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். நான் டெல்டாக்காரன், உடற்கல்வி டிகிரி முடிச்சிட்டு பயோமெக்கானிக்ஸ்ல, அதாவது உடம்பு அசையறத விசைக் கணக்கா பாக்குற படிப்புல, மேல படிச்சவன், இப்ப கபடி, அத்லெடிக்ஸ் பசங்களோடதான் வேலை.

இது பி.டி. வாத்தியார் படிப்புதானே?

பி.டி. வாத்தியார் ஆகுறது இதுல ஒரு கிளை. படிப்பு அதைவிடப் பெருசு. மனுஷ உடம்பு எப்பிடி அசையுது, எதனால களைச்சுப் போவுது, பழகப் பழக எப்பிடித் தேறுது, எந்த இடத்துல எந்தப் பாரத்துக்கு ஒடியுது, இதையெல்லாம் அளந்து பாத்து காரணத்தோட சொல்ற படிப்பு இது. ஒரு காலேஜ்ல உடற்கல்வின்னு பேர் இருக்கும், இன்னொரு எடத்துல ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்ம்பாங்க, வெளிநாட்டுப் பக்கம் கினிசியாலஜி, எக்சர்சைஸ் சயின்ஸ்னு வரும், சிலபஸ எடுத்துப் பாத்தீங்கன்னா நெறைய பாடம் எல்லாத்துலயும் பொதுவா இருக்கும்.

எங்க பக்கத்துக்கு இது ரொம்பத் தேவைன்னு நான் அழுத்திச் சொல்லுவேன், ஏன்னா ஆடுற ஆளுங்களுக்கு இங்க பஞ்சமே இல்ல. வடுவூர் மாதிரி ஊர்ல கபடி தலைமுறை தலைமுறையா ஓடிட்டிருக்கு, 2025ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டில தங்கம் ஜெயிச்ச இந்திய கபடி டீம்ல வடுவூர் அபினேஷ் இருந்தாரு, லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஆசிய விளையாட்டுல 400 மீட்டர்ல மெடல் வாங்கினவரு. பஞ்சம் எதுக்குன்னா அந்த உடம்பைப் பாத்துக்கத் தெரிஞ்ச ஆளுக்கு. பொங்கல் டோர்னமென்ட்ல முட்டி திரும்பி விழுற பையனைத் தூக்கிட்டுப் போயி யாரோ ஒருத்தர் எண்ணெய் போட்டு உருவி விடுறாரு, வீக்கம் வடிஞ்சதும் அடுத்த மாசமே மறுபடி கிரவுண்ட்ல எறங்கறான், மறுபடி அதே முட்டி, 19 வயசுல ஆட்டம் முடிஞ்சு போச்சு. ஊருக்கு ஊர் இந்தக் கதைய நான் பாக்குறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது.

நான் ஸ்டேட் பிளேயர் இல்ல, சுமாராத்தான் ஆடுவேன். சீட் கெடைக்குமா?

கெடைக்கும். ஆனா எந்தக் கோர்ஸுன்னு பாத்துக்கணும். +2 முடிச்சதும் சேர்றது பி.பி.இ.எஸ்., மூணு வருஷம். ஏதாவது ஒரு டிகிரி முடிச்சிட்டு சேர்றது பி.பி.எட்., 2 வருஷம், இது என்.சி.டி.இ.ங்கற தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் கட்டுப்பாட்டுல வர்ற ஆசிரியர் படிப்பு, இதுக்கு டிகிரில 50 சதவீதம் மார்க்கும் காலேஜ் அளவுலயோ மாவட்ட அளவுலயோ ஏதாவது போட்டில கலந்துக்கிட்ட சர்டிபிகேட்டும் கேப்பாங்க, அதனால படிக்கும்போதே சின்ன டோர்னமென்ட் சர்டிபிகேட்டா இருந்தாலும் தூக்கிப் போடாம பத்திரமா வெச்சுக்குங்க. அதுக்கப்புறம் எம்.பி.எட்., 2 வருஷம். உடற்கல்வி சீட்டுக்கு ஃபிட்னஸ் டெஸ்ட் வெப்பாங்க, ஓட்டம், தாண்டுறது, எறியறதுன்னு இருக்கும், ஆட்டத் திறமையையும் பாப்பாங்க. பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் அண்ட் எக்சர்சைஸ் சயின்ஸ் மாதிரி கோர்ஸுல ஆட்டத்தைவிட +2 மார்க்குக்கும் பயாலஜிக்கும்தான் மதிப்பு அதிகம்.

மாநில அளவுல ஆடினவன்தான் நல்லா படிப்பான்னு எந்தக் கட்டாயமும் இல்ல. என்கூடப் படிச்சதுல லேப்ல நல்லா வந்தவங்க பாதிப் பேரு சப்ஸ்டிட்யூட் பெஞ்ச்ல உக்காந்திருந்தவங்க, ஆட்டத்தை வெளியிலேருந்து உத்துப் பாத்துப் பழகினவங்க.

+2ல எந்த குரூப் எடுக்கணும்?

பயாலஜி இருந்தா எல்லா வழியும் திறந்திருக்கும். பிசிக்ஸும் இருந்தா ரொம்ப நல்லது. ஆர்ட்ஸ், காமர்ஸ் குரூப்னா பி.பி.இ.எஸ்., பி.பி.எட். பக்கம் வரலாம், பயம் வேணாம், முதல் செமஸ்டர்ல எலும்பு பேரும் தசை பேரும் கொஞ்சம் மெனக்கெட்டுப் படிக்கணும், அவ்ளோதான். உடற்கல்விக்கு நீட் கெடையாது.

உள்ள என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க? நாள் பூரா கிரவுண்டா?

காலைல கிரவுண்ட் உண்டு, விடியறதுக்கு முன்னாடியே எழுந்திரிக்கணும், அதுல சலுகையே கெடையாது. மத்தபடி உடற்கூறு, உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், ஸ்போர்ட்ஸ் சைக்காலஜி, பயிற்சி முறை, சத்துணவு, அளவீடும் புள்ளியியலும், காயம் பராமரிப்பு, யோகா, இதெல்லாம் வகுப்பு. பேரைச் சொன்னா ஒண்ணும் புரியாது, நம்ம ஆட்டத்தையே எடுத்துக்குங்களேன்.

கபடில ஒரு ரைடு 30 செகண்ட். மூச்சு விடாம பாடிட்டே போகணும்ங்கறதால மூச்சு தம் கட்டுறவன்தான் நல்ல ரைடர்னு பெரியவங்க சொல்லுவாங்க. உடலியங்கியல் படிச்சா அந்த 30 செகண்ட்ல காலுக்குச் சக்தி எங்கேருந்து வருதுன்னு தெரியும். முதல் சில செகண்ட் பாய்ச்சலுக்கு தசைக்குள்ள ஏற்கனவே சேர்த்து வெச்சிருக்குற கிரியேட்டின் பாஸ்பேட், ஏ.டி.பி.ங்கற ரெண்டு சக்திப் பொருளும்தான் செலவாகும், அது கொறைஞ்சதும் தசைல இருக்குற சர்க்கரைய ஆக்சிஜன் இல்லாமலே ஒடைச்சு ஓட்டும், நுரையீரல் வழியா வர்ற ஆக்சிஜன் பெருசா கை கொடுக்குறது ரைடு முடிஞ்சு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்னு மூச்சு வாங்கும்போதுதான். செலவான கிரியேட்டின் பாஸ்பேட்ல பாதி அரை நிமிஷத்துக்குள்ள திரும்பிடும், முழுசா நிரம்ப 3லேருந்து 5 நிமிஷம் வேணும். இது தெரிஞ்ச கோச்சு ஒரே ரைடரத் திரும்பத் திரும்ப அனுப்ப யோசிப்பாரு, பயிற்சிலயும் ஊரைச் சுத்தி பத்து கிலோமீட்டர் ஓடச் சொல்றதோட நிறுத்திக்காம சின்னச் சின்னப் பாய்ச்சல், நடுவுல அளவா ஓய்வுன்னு பிரிச்சுக் கொடுப்பாரு. நீண்ட ஓட்டமும் வேணும்தான், ரைடுக்கும் ரைடுக்கும் நடுவுல சீக்கிரம் தேறுறதுக்கு அதுதான் உதவும்.

இதையெல்லாம் யாரு கண்டுபிடிச்சாங்கன்னா, பிரிட்டன்ல ஏ.வி.ஹில்னு ஒரு விஞ்ஞானி, தசை வேலை செய்யும்போது உண்டாகுற வெப்பத்தை அளந்ததுக்காக 1922க்கான நோபல் பரிசு வாங்கினவரு, அவரு 1920கள்ல புல்தரைல தானே ஓடி, வெளிய விடுற மூச்சைப் பையில பிடிச்சு அளந்தாரு. வி.ஓ.டூ மேக்ஸ்னு, அதாவது உடம்பு அதிகபட்சமா எவ்ளோ ஆக்சிஜன் பயன்படுத்த முடியும்னு, இன்னைக்கு வாட்ச்ல எல்லாம் காட்டுதே, அதுக்கு வேர் அங்கதான் இருக்கு.

அடுத்தது முட்டி. ஆங்கிள் ஹோல்ட்ல, அதாவது கணுக்கால் பிடில, ஒருத்தன் காலைப் பிடிச்சிருக்கான், ரைடர் உடம்பைத் திருப்பி கோட்டைத் தொடப் பாக்குறான், பாதம் தரைல ஊணி நிக்குது, தொடை எலும்பு திரும்புது, நடுவுல மாட்டிக்கிறது முன்பக்கக் குறுக்கு ஜவ்வு. மண்ணுத் தரைல பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், மேட்ல ஷூ போட்டு ஆடும்போது பிடிப்பு அதிகம், அந்தத் திருகல் முழுசா முட்டிக்கே போவும். மண்ணுலயே ஆடி வளந்த பையனை நேரா மேட்டுக்கு ஏத்தும்போது எதைப் பாக்கணும்னு பயோமெக்கானிக்ஸ் படிச்சவன் யோசிப்பான். குதிச்சு எறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாம எறங்கப் பழக்குறது, தொடையோட பின்பக்கத் தசையை வலுவாக்குறது, ஒத்தக்கால்ல நிதானம், இதையெல்லாம் வார்ம் அப்லயே சேத்து வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை செஞ்சா காயம் நல்லாவே கொறையுதுன்னு கால்பந்துல பெரிய அளவுல ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்க. பைசா செலவில்லாத வேலை, ஆனா கிராமத்து டீம்ல இதைச் செய்யறவங்கள நான் ரொம்பக் கொறைச்சலாத்தான் பாக்குறேன். ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சுன்னா 9 மாசத்துக்கு முன்னாடி களத்துல எறங்கினா மறுபடி கிழியற வாய்ப்பு கூடுதுன்னும் ஆய்வு இருக்கு. அந்த 9 மாசமும் பையன் கூட நின்னு ஒவ்வொரு படியா ஏத்திக் கொண்டுவர்ற ஆளுதான் நம்ம ஊர்ல இல்லாம இருக்கு.

எனக்குக் கணக்கு வராது, பயோமெக்கானிக்ஸ்னா பயமா இருக்கு

பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் கோணம், நியூட்டன் விதி, இவ்வளவு தெரிஞ்சா ஆரம்பிச்சிடலாம். நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறத எடுத்துக்குங்க. ஒரு மூட்டை 40 கிலோ, கீழ இழுக்குற விசை சுமார் 392 நியூட்டன். அதைக் குனிஞ்சு தூக்கும்போது மூட்டை நடு முதுகெலும்புலேருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா 392ஐ 0.4ஆல பெருக்கினா சுமார் 157 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை. அதை எதிர்த்து இழுக்குற முதுகுத் தசை எலும்புலேருந்து 5 சென்டிமீட்டர் தூரத்துலதான் இருக்கு, அதனால 157ஐ 0.05ஆல வகுத்தா 3140 நியூட்டன், கிட்டத்தட்ட 320 கிலோ எடைக்குச் சமம், இது மூட்டைக்கு மட்டும், குனிஞ்ச உடம்போட எடைய இன்னும் சேக்கல. அதே மூட்டைய உடம்போட ஒட்டி 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தா அது பாதியாயிடும். அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எல்லா வசதியும் சரியா இருந்தாலே 23 கிலோதான் தூக்கலாம்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு, நம்ம லோடுமேன் அண்ணங்க சீசன்ல 40 கிலோவை நாள் பூரா தூக்குறாங்க. தரைலேருந்து தூக்காம இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தா என்ன மாறும்னு அளந்து காட்ட வேண்டியது நம்ம படிப்பு. நாத்து நடற அம்மாக்களோட இடுப்பு வலியும் அப்பிடித்தான், மணிக்கணக்குல குனிஞ்சே இருக்கும்போது முதுகு ஜவ்வு மெல்ல மெல்ல நீண்டு தளர்ந்து போவுது, நடுநடுவுல நிமிந்து பின்பக்கம் வளைஞ்சு நின்னா அந்தப் பாரம் கொஞ்சம் எறங்கும். மாஸ்டர்ஸ், பி.எச்டி.க்கு தலைப்பு தேடுறவங்க வயலுக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன், மெடல் வாங்குறவங்க உடம்பு மட்டும்தான் உடம்பா?

எங்க படிக்கலாம்? பக்கத்துலயே இருக்கா?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல உடற்கல்வித் துறை ரொம்ப காலமா இருக்கு, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல இருக்கு, காரைக்குடி அழகப்பாவுல தனி உடற்கல்விக் கல்லூரியே இருக்கு, பாண்டிச்சேரி பல்கலைக்கழகமும் தூரம் இல்ல. சென்னைக்குப் போக முடிஞ்சா மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பயோமெக்கானிக்ஸ், எக்சர்சைஸ் பிசியாலஜி, சைக்காலஜின்னு தனித்தனியா மேல படிக்க அங்க வழி இருக்கு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920ல ஹாரி க்ரோ பக் ஆரம்பிச்சது, நாட்டுலயே பழசு. பி.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்க்கு போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, அங்க ஃபீஸ் கூட. வடக்க போகத் தயார்னா குவாலியர் லக்ஷ்மிபாய் உடற்கல்வி நிறுவனம், 1957லேருந்து இருக்கு, கோச் ஆகணும்னா பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்துல (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ.

சேர்றதுக்கு முன்னாடி நேர்ல போயி ரெண்டு விஷயம் பாருங்க. பி.பி.எட்.னா என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கான்னு. அப்புறம் லேப் இருக்கா, அதுல இருக்குற மெஷின்மேல தூசி படிஞ்சிருக்கா இல்ல பசங்க தொட்டுப் பயன்படுத்துறாங்களான்னு. சீனியர் பசங்ககிட்ட தனியா கேட்டீங்கன்னா உண்மையைச் சொல்லிடுவாங்க. தேதி, ஃபீஸ், தகுதி எல்லாம் அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பாத்துக்குங்க, போன வருஷம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி இருக்காதீங்க.

பொம்பளப் புள்ளைய இதுக்கு அனுப்பலாமா?

தாராளமா அனுப்புங்க. இந்தக் கேள்விய அப்பாங்கதான் தனியாக் கூப்பிட்டு மெதுவாக் கேப்பாங்க, அதனால நேராவே சொல்றேன். எல்லா பெரிய காலேஜ்லயும் பொண்ணுங்க படிக்கிறாங்க, லேடீஸ் ஹாஸ்டல் எப்பிடின்னு போயிப் பாத்து முடிவு பண்ணுங்க. பொண்ணுங்க ஸ்கூல்ல ஒரு அக்கா டிராக் சூட் போட்டு கிரவுண்ட்ல நிக்கும்போதுதான் வயசுக்கு வந்த புள்ளைங்க வெளில வந்து ஓடுதுங்க, மாதவிடாய் நாள்ல ஓடலாமா, இரத்தசோகை இருந்தா ஏன் மூச்சு வாங்குதுங்கற கேள்வியெல்லாம் ஒரு பொம்பள டீச்சர்கிட்டதான் கேக்க முடியும். அதுமட்டுமில்லாம அதே ஆட்டத்தை ஆடுற ஆம்பளைங்கள விட பொண்ணுங்களுக்கு முட்டி ஜவ்வு கிழியற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேலன்னு தெரிஞ்சிருக்கு, ஆனா ஆராய்ச்சில பெரும்பங்கு இன்னும் ஆம்பளை உடம்பைப் பாத்தே நடக்குது, அதை மாத்த பொண்ணுங்கதான் இந்தத் துறைக்குள்ள வரணும். திருச்சிப் பக்கத்து தனலட்சுமியும் சுபாவும் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்ட அணிக்குத் தேர்வானவங்க, அதைப் பாத்து ஓட வந்த தங்கச்சிங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளு வேணாமா?

பிசியோதெரபிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பிசியோ மருத்துவப் பக்கம். அடிபட்டவங்க, பக்கவாதம் வந்தவங்க, ஆபரேஷன் ஆனவங்க, இவங்களுக்குச் சிகிச்சை கொடுக்க உரிமை அவங்களுக்குத்தான். ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படிச்சவன் அடிபடாமப் பாத்துக்கறது, திறனை அளந்து கூட்டுறது, பிசியோ முடிச்சு அனுப்புனவன மறுபடி ஆட்டத்துக்குத் தயார் பண்றது. இதைப் படிச்சிட்டு கிளினிக் போட்டு கரண்ட் வெச்சு விடுறது தப்பு, அது உங்க வேலை இல்ல. ஆஸ்பத்திரில இருக்கணும்னு ஆசைன்னா பி.பி.டி.ங்கற பிசியோ டிகிரிக்கே போங்க.

தமிழ் மீடியம் பசங்க சமாளிக்க முடியுமா?

முடியும். புக்கு பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், முதல் ஆறு மாசம் கஷ்டம். தசை பேரெல்லாம் லத்தீன், அது இங்கிலீஷ் மீடியம் பையனுக்கும் புதுசுதான். உங்க தொடையத் தொட்டுத் தொட்டுப் படிங்க, சீக்கிரம் ஏறும்.

வேலை கெடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க

அரசுப் பள்ளி வேலை ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) மூலமா வரும், வரும்போதுதான் வரும், அதை மட்டும் நம்பி வீட்டுல உக்காந்து வயசைக் கரைச்சவங்க நிறையப் பேரு. காலேஜ்ல வேலைக்கு எம்.பி.எட்.டோட நெட் இல்லன்னா செட்ங்கற தகுதித் தேர்வு, இல்லன்னா பி.எச்டி. வேணும். நல்லா ஆடி மெடல் வாங்கினவங்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வேலைல 3 சதவீத ஸ்போர்ட்ஸ் ஒதுக்கீடு இருக்கு, அது தனி வழி. தனியார் ஸ்கூல், அகாடமி, ஜிம், ப்ரோ கபடி மாதிரி லீக் டீம்ல ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், ஆட்டத்தை வீடியோல பிரிச்சு அலசுறதுன்னு இப்ப கதவு கூடியிருக்கு, ஆனா அதுக்கெல்லாம் டிகிரி சர்டிபிகேட் மட்டும் பத்தாது, கைல வேலை தெரிஞ்சிருக்கணும். ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் கொறைச்சல்தான், அதை மறைக்கக் கூடாது. கடன் வாங்கிப் பெரிய ஃபீஸ் கட்டி சேர்றதா இருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

படிச்சிட்டு ஊர்லயே இருக்க முடியுமா, சென்னைக்குத்தான் போகணுமா?

எனக்குப் பிடிச்ச கேள்வி இது. மயிலாடுதுறைல இந்திய விளையாட்டு ஆணையத்தோட (சாய்) பயிற்சி மையம் இருக்கு, தஞ்சாவூர்ல அன்னை சத்யா ஸ்டேடியம், ஒவ்வொரு மாவட்டத்துலயும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்து ஆளுங்க இருக்காங்க. ஆனா இதையெல்லாம் விட வெளில இருக்குற தேவைதான் பெருசு. விடிகாலைல ஆத்தங்கரை ரோட்டுல போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுற பசங்களப் பாத்திருப்பீங்க, ஆம்பளைங்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். நோட்டிபிகேஷன் வந்த பிறகு திடீர்னு தார் ரோட்டுல தெனமும் ஓடி கெண்டைக்கால் முன் எலும்புல வலி வந்து டெஸ்ட் அன்னைக்கு நொண்டிட்டு நிக்குறான். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, நடுவுல ஓய்வு விட்டு, வாரத்துக்கு ரெண்டு நாள் வேகப் பயிற்சி வெச்சு ஒரு மூணு நாலு மாசம் முறையாப் போனா அந்த 7 நிமிஷம் பெரும்பாலான பசங்களுக்கு எட்டுற தூரம்தான். இதைச் சரியாச் சொல்லிக் கொடுக்குறவங்களுக்கு ஊர்ல ஆளு தேடி வரும். சுகர் வந்த பெரியவங்களுக்கு நடை, வலு பயிற்சி, மூட்டு வலிக்காரங்களுக்கு டாக்டர் சொன்னபடி உடற்பயிற்சி, ஸ்கூல் டீமுக்கு ஃபிட்னஸ்னு சேத்துப் பாத்தா குடும்பம் நடத்தலாம், பெரிய காசு உடனே வராது, அதுவரைக்கும் ஒரு ஸ்கூல் வேலையையும் வெச்சுக்கறதுதான் பாதுகாப்பு.

இப்ப +1 படிக்கிறேன். இப்பவே என்ன ஆரம்பிக்கலாம்?

ஒரு நோட்டு வாங்கி உங்க உடம்பையே அளக்க ஆரம்பிங்க. காலைல எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி படுத்துட்டே நாடித் துடிப்பு எண்ணி எழுதுங்க. கென்னத் கூப்பர்னு ஒரு டாக்டர் 1968ல சொன்ன டெஸ்ட், 12 நிமிஷம் எவ்ளோ தூரம் முடியுமோ ஓடணும், அந்த மீட்டர்லேருந்து 504.9ஐக் கழிச்சு 44.73ஆல வகுத்தா வி.ஓ.டூ மேக்ஸ் தோராயமா வரும். 400 மீட்டர் டிராக்ல 6 ரவுண்டு, அதாவது 2400 மீட்டர் ஓடினா சுமார் 42, உடம்பு எடைல கிலோவுக்கு நிமிஷத்துக்கு 42 மில்லி ஆக்சிஜன்னு அர்த்தம். அப்புறம் போன்ல ஸ்லோ மோஷன் வெச்சு நீங்க எகிறிக் குதிக்கிறத எடுங்க, செகண்டுக்கு 240 படம்னா கால் தரைய விட்டதுலேருந்து மறுபடி தொடுற வரைக்கும் எத்தனை படம்னு எண்ணுங்க, 120 இருந்தா அரை செகண்ட் காத்துல இருந்திருக்கீங்க. அந்த நேரத்தை அதாலயே பெருக்கி, 9.8ஆல பெருக்கி, 8ஆல வகுங்க, சுமார் 0.3 மீட்டர் வரும், அதாவது 30 சென்டிமீட்டர் குதிச்சிருக்கீங்க. ஆறு வாரம் பயிற்சி பண்ணிட்டு மறுபடி அளங்க, எது ஏறிச்சு எது ஏறல, ஏன்னு எழுதுங்க. இது உங்களுக்கு ஆசையா இருந்தா இந்தப் படிப்பு உங்களுக்குத்தான், போரடிச்சா ஆட்டத்தை மட்டும் ஆடுங்க, வேற டிகிரி படிங்க, அதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது.

அட்மிஷன் டெஸ்ட் பெரும்பாலும் கோடைல, நம்ம பக்கம் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து இருக்குற நேரத்துல வரும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா வேர்வை ஆவியாவாம வழிஞ்சு ஓடும், வழியற வேர்வை உடம்பக் குளுத்தாது. உடம்பு வெயிலுக்குப் பழக 10லேருந்து 14 நாள் ஆவும், அதனால எக்ஸாம் முடிஞ்சதும் காலை வெயில்ல கொஞ்ச நேரத்துலேருந்து ஆரம்பிச்சு தெனமும் கூட்டிட்டுப் போங்க, உப்பு போட்ட மோரு குடிங்க, தலை சுத்தினா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா அன்னைக்கு ஓட்டத்தை அங்கயே நிறுத்திட்டு நெழலுக்கு வந்து தலைலயும் கழுத்துலயும் தண்ணி ஊத்திக்குங்க, அப்பவும் சரியாவலன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.